மஞ்சூரியனில் சீனி எவ்வளவு?

கேள்வி:

"என் வீட்டுக்காரருக்கு 54 வயசு. ஆறு வருஷமா சீனி வியாதி. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ரெண்டும் சாப்பிடுறார். மூணு மாசச் சராசரி 8.4. மற்ற நாளெல்லாம் சொன்ன பேச்சு கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிக்கன் மஞ்சூரியனும் ஃப்ரைடு ரைஸும் இல்லாமல் முடியாது. மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போட்டுத்தான் செய்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தால் 268. அடுத்த வாரம் கோபத்தில் சோறே வைக்காமல் வெறும் சிக்கனைப் பொரித்து வைத்தேன். நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் 61. அவசரத்துக்குக் கையில் கிடைச்ச கடலை மிட்டாயைக் கொடுத்தேன். சிக்கன் ஒத்துக்கொள்ளவில்லையா? சீனியும் மாவும் இல்லாமல் மஞ்சூரியன் செய்ய வழி உண்டா? இனிப்பு மாத்திரை போடலாமா? அஜினோமோட்டோ? ஹோட்டலுக்குப் போனால் என்ன சொல்லி வாங்குவது?"

— கோவில்பட்டி வாசகி

பதில்:

சகோதரி, சமையலை அப்புறம் பேசலாம். அந்த 61தான் என்னைப் பயமுறுத்துகிறது.

சிக்கன்மேல் பழி போடாதீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. வாரா வாரம் ஒரு தட்டு ஃப்ரைடு ரைஸ் இறங்கும் வயிற்றுக்கு அன்று வெறும் கோழி மட்டும் போயிருக்கிறது. மாத்திரை வழக்கம்போல் வேலை செய்தது, பிடித்துக்கொள்ள மாவுச்சத்து இல்லை, ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது. 70க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம்.

நீங்கள் கடலை மிட்டாய் கொடுத்தது கையில் இருந்ததைக் கொடுத்தது, தப்புச் சொல்லமாட்டேன். 2020இல் கடலை மிட்டாய்க்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர் வேறு என்னத்தைக் கொடுப்பீர்கள்! ஆனால் கடலையில் இருக்கும் எண்ணெய்ச் சத்து வெல்லம் ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் தாமதம் ஆகாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், அல்லது குளுக்கோஸ் பொடி. 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. தாண்டியபிறகு இரண்டு இட்லியோ ஒரு கரண்டிச் சோறோ. ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆகவே நான் கீழே சொல்வதைச் செய்யத் தொடங்குமுன் டாக்டரிடம் "மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறோம், மாத்திரை அளவு இதேதானா?" என்று கேட்டுவிடுங்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம். டபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், சோற்றை அடியோடு நிறுத்துவது வேறு ஆபத்து. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். அதையும் கேளுங்கள்.

இனி அடுப்படி.

அளவுகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தீர்கள், பெரிய உபகாரம். எனக்கு வரும் கடிதங்களில் "கொஞ்சம் கார்ன்ஃப்ளார்" என்றுதான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை வைத்து நான் என்ன கணக்குப் போடுவது? உங்கள் தாளை வைத்துப் போட்டேன். அரைக் கிலோ கோழி, சாப்பிடுவது மூன்று பேர். கோழியில் மாவுச்சத்து இல்லை. பூசுவதற்கு நான்கு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், அதில் 28 கிராம். மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவில் 17. கடைசியில் குழம்பைக் கெட்டியாக்கக் கரைத்து ஊற்றிய ஒரு கரண்டி கார்ன்ஃப்ளாரில் 7. மாவு மட்டுமே 52 கிராம் ஆகிவிட்டது. தக்காளி சாஸ் நான்கு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 18, பாட்டில் மிளகாய் சாஸில் ஒரு 5, நாட்டுச்சர்க்கரை 12. இனிப்பு வகையில் 35. வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, சோயா சாஸ் எல்லாம் சேர்ந்து 25 போல. மொத்தம் 112. அவர் பங்குக்கு 37 கிராம்.

அதோடு இரண்டு கப் ஃப்ரைடு ரைஸ். வெந்த சோறு 300 கிராம் என்றால் 84 கிராம் மாவுச்சத்து. ஆக ஒரு வேளையில் 121. 268 வராமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கில் நீங்கள் செய்த இரண்டு மாற்றங்களும் எங்கே நிற்கின்றன பாருங்கள். மைதாவைக் கோதுமையாக மாற்றியதில் ஓரிரு கிராம் குறைந்திருக்கும். நாட்டுச்சர்க்கரையில் எதுவுமே குறையவில்லை. வெள்ளைச் சீனி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, எல்லாமே பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேறு, தாதுச்சத்து துளி கூடுதல். கணையத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தேனும் அப்படித்தான். "தேன் ஊற்றினேன், ஏறாது" என்று வருஷம் முழுக்க யாராவது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் சர்க்கரையைச் சீனி என்றுதானே சொல்வீர்கள்? அந்தச் சொல்லே சீனாவிலிருந்து வந்தது என்ற பொருளில் பிறந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் அச்சிப்பூர் என்று ஓர் ஊர் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோங் அச்சியூ என்ற சீனர் அங்கே வந்து குடியேறி, வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடுத்த நிலத்தில் போட்டது சர்க்கரை ஆலை. இந்தியச் சீனர்களின் கதையே சீனியில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் மஞ்சூரியனின் கதையில் சீனி இல்லை. அது மஞ்சூரியாவிலிருந்தும் வரவில்லை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் செய்தது என்பது அவரே சொன்ன கதை. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம்மூர் மசாலாவுக்குத் தொடங்குகிற மாதிரியே தொடங்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸை ஊற்றினாராம். பிறகு கோழியும் கார்ன்ஃப்ளாரும். அவ்வளவுதான். தக்காளி சாஸும் சீனியும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவை. அதனால் சீனியை எடுத்தால் ருசி போய்விடும் என்று பயப்படாதீர்கள். எடுக்கச் சிரமமானது கார்ன்ஃப்ளார். அதுதான் கோழியை மெத்தென்று வைக்கிறது, மேலே மொறுமொறுப்புத் தருகிறது, குழம்பைப் பளபளவென்று ஒட்ட வைக்கிறது. மூன்று வேலைக்கும் தனித்தனியாக ஆள் பிடிக்க வேண்டும்.

மெத்தென்று இருக்க: எலும்பில்லாத தொடைக்கறி வாங்குங்கள். நெஞ்சுக்கறி இந்த முறைக்கு வறண்டு போகும். அரைக் கிலோவைக் கட்டை விரல் அளவுத் துண்டாக நறுக்கி, கால் தேக்கரண்டி சமையல் சோடாவைத் தூவிப் பிசறி 15 நிமிஷம் வையுங்கள். சீனச் சமையல்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. சோடாவின் காரத்தன்மை கறியின் புரதம் சூட்டில் இறுகிச் சுருங்குவதைத் தடுக்கும். கால் தேக்கரண்டியைத் தாண்டினால் சோப்பு வாடை வரும். நான் முதல் தடவை அரைக் கரண்டி போட்டு, வீட்டு நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. 15 நிமிஷம் ஆனதும் இரண்டு தண்ணீரில் அலசி, சுத்தமான துணியில் போட்டு ஒற்றி எடுங்கள்.

இந்த ஒற்றி எடுக்கும் வேலையில்தான் மொறுமொறுப்பு இருக்கிறது. சோம்பல் வேண்டாம். ஈரம் இருந்தால் கறி வேகும், சிவக்காது. துணி நனைந்தால் இன்னொரு துணி. பிறகு மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சி விழுது கொஞ்சம், நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி போட்டுப் பிசறுங்கள். உப்பு வேண்டாம், பின்னால் சோயா சாஸ் வருகிறது. இரும்புத் தோசைக்கல் அல்லது இருப்புச்சட்டி நன்றாகக் காய்ந்ததும் கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் பரப்புங்கள். ஒரே தடவையில் அத்தனையையும் கொட்டினால் தண்ணீர் விட்டுக் கூட்டு மாதிரி ஆகிவிடும். இரண்டு ஈடாகப் போடுங்கள். மூன்று நிமிஷம் தொடவே தொடாதீர்கள். கீழ்ப்புறம் தானாகக் கல்லை விட்டு வரும்போது திருப்பினால் பழுப்பேறி ஓரம் முறுகலாக இருக்கும். அவர் "பொரிச்ச மாதிரி இல்லையே" என்று முறைத்தால், அடுத்த வாரம் ஒரு முட்டை வெள்ளைக்கருவும் இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவும் பூசிக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்து 9 கிராம் கூடும், அவ்வளவே. பாதாம் மாவு போடச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். போடலாம். கோவில்பட்டியில் அது என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாஸ் பாட்டில்கள் இரண்டையும் அலமாரியில் பின்னால் தள்ளுங்கள். எட்டு நீட்டு வற்றலை விதை நீக்கி வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, நான்கு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வினிகரோடு மையாக அரைத்தால் அதுதான் மிளகாய் சாஸ். தக்காளி சாஸுக்குப் பதில் நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி இரண்டு. பெங்களூர்த் தக்காளியில் புளிப்புப் போதாது. வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து அரைத்துக்கொள்ளுங்கள்.

கோழி சிவந்த அதே சட்டியில், அடியில் ஒட்டியதைக் கழுவாமல், இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு நான்கு பல் பூண்டை அரிசி அரிசியாக நறுக்கிப் போடுங்கள். இரண்டு பச்சை மிளகாய். ஒரு சின்ன வெங்காயம் அல்ல, ஒரு பெரிய வெங்காயத்தைச் சதுரமாக நறுக்கி இதழ் பிரித்து, பாதியை இப்போதும் பாதியைக் கடைசியிலும். இப்போது போடும் பாதியை அவசரப்படாமல் பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். சீனி இல்லாத குழம்பில் இனிப்பு என்று நாக்கு எதைச் சொல்லுமோ அது இங்கிருந்துதான் வரும். பிறகு மிளகாய் விழுது பச்சை வாடை போக, பிறகு தக்காளி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கலவை கரண்டியில் உருண்டு வரும்வரை. பத்து நிமிஷம் ஆகும். சிவப்புக் குடைமிளகாய் கிடைத்தால் பச்சையைவிட இனிக்கும். ஒன்று போதும், அதையும் மீதி வெங்காயத்தையும் போட்டு அடுப்பைக் கூட்டி ஒரு நிமிஷம் புரட்டுங்கள். சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, முக்கால் டம்ளர் தண்ணீர்.

சோயா சாஸ் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுவரை வரிசையாக அச்சிட வேண்டும். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று மட்டும் இருந்தால் அது புளிக்க வைத்த அசல் சரக்கு. முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை வந்தால் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுங்கள். கருஞ்சோயா சாஸ்களில் நிறத்துக்காகச் சர்க்கரைப் பாகு சேர்ப்பது வழக்கம். அசலிலும் உப்பு எக்கச்சக்கம்: ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். நாள் முழுவதற்கும் 2,000க்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அவருக்கு இரத்த அழுத்தமும் இருந்தால் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, வினிகரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கடைசி வேலை பளபளப்பு. மெடிக்கல் ஷாப்பில் இசப்கோல் கேளுங்கள், மலச்சிக்கலுக்கு வாங்குவோமே அதேதான். அதை மிக்ஸியில் பொடித்து அரைத் தேக்கரண்டி எடுத்து, நாலு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கலக்கி உடனே கொதிக்கும் குழம்பில் ஊற்றிக் கிளறுங்கள். ஒரு நிமிஷத்தில் கெட்டியாகும். அது கிட்டத்தட்ட முழுக்க நார்ச்சத்து, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. அரைக் கரண்டிக்கு மேல் போனால் வெண்டைக்காய்க் குழம்பு மாதிரி வழவழத்துவிடும். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துப் போட்டாலும் கெட்டியாகும், உங்கள் ஊரில் நல்ல கடலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிறம் மங்கி, மஞ்சூரியன் வேறு ஏதோ குருமா ஆகிவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கோழியைக் குழம்பில் போட்டு இரண்டே புரட்டு, மேலே வெங்காயத்தாள், இறக்கிவிடுங்கள்.

இதில் மொத்தம் 30 கிராம் மாவுச்சத்து வரும். அவர் பங்குக்கு 10. முன்பு 37.

இனிப்பு மாத்திரை கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன், இந்தப் பதார்த்தத்துக்குத் தேவையே இல்லை. அஸ்பார்டேம் வகை கொதித்தால் இனிப்பை இழந்துவிடும். சில பொடிகளில் பருமனுக்காக மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பார்கள், அது மாவுச்சத்தேதான், ரத்தத்தில் சீனிக்குக் குறையாத வேகத்தில் ஏறும். அவசியம் ஒரு துளி இனிப்பு வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், சீனித்துளசிப் பொடி ஒரு சிட்டிகை, அடுப்பை அணைத்த பிறகு. அஜினோமோட்டோவுக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. 1908இல் ஜப்பானில் கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்த குளுட்டமேட்தான் அது. நீங்கள் பத்து நிமிஷம் சுண்ட வைத்த தக்காளியிலும், சோயா சாஸிலும் அதே பொருள் இயற்கையாகவே இருக்கிறது. ஆகவே தனியாகப் போடத் தேவையில்லை. போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சோறு. 84 கிராம் அதில்தான் இருந்தது, ஆனாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அந்த 61 சொல்லிவிட்டது. டாக்டர் மாத்திரையைப் பார்த்துச் சொல்லும்வரை ஒரு கப் சோறு, 150 கிராம், வையுங்கள். 42 கிராம். கோழியோடு சேர்த்து 52. முந்தைய 121இல் பாதிக்கும் குறைவு. தட்டு வெறிச்சென்று தெரியாமலிருக்க, முட்டைக்கோஸைச் சேமியா மாதிரி மெல்லிசாகச் சீவி, பூண்டும் மிளகும் போட்டு, முட்டை ஒன்றை உடைத்து ஊற்றிப் பெரிய தீயில் இரண்டு நிமிஷம் வதக்கிச் சோற்றோடு கலந்துவிடுங்கள். பார்க்க ஃப்ரைடு ரைஸ்தான். கோஸைக் குழைய விட்டால் பொரியலாகிவிடும், அவர் கண்டுபிடித்துவிடுவார். முதலில் கோழி, கோஸ். கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிடச் சொல்லுங்கள். அதே சாப்பாடுதான், ஆனால் ஏற்றம் குறைகிறது. டாக்டர் சரி என்ற பிறகு அரைக் கப்புக்கு இறங்கலாம். சிறுநீரில் புரதம் போகிறது என்று ஏதாவது ரிப்போர்ட்டில் வந்திருந்தால் மட்டும், கோழியின் அளவையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, நாலு மணி நேரத்தில் ஒரு தடவை குத்திப் பாருங்கள். எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டில் ஏற்றம் சில சமயம் தாமதமாக வரும், இரண்டு மணி எண்ணை மட்டும் நம்பி ஏமாந்துவிடக் கூடாது. நாலாம் மணி எண் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். அன்று அவருக்கு வேர்த்ததும் சாப்பிட்ட உடனே அல்ல, சில மணி நேரம் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்குத்தான். இரண்டு எண்ணையும், சாப்பிட்ட சோற்றின் அளவையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். என் கணக்கைவிட அவருக்கு அதுதான் உதவும்.

ஹோட்டல் கேள்விக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒரு கடையின் அடுப்படியில் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். கோழி காலையிலேயே மாவு பூசி அரைவேக்காடாகப் பொரித்துத் தட்டில் குவிந்திருந்தது. ஆர்டர் வந்ததும் மறுபடி எண்ணெயில் போட்டு, வாளியிலிருந்து கார்ன்ஃப்ளார் தண்ணீரை ஒரு பெரிய கரண்டி முகந்து ஊற்றினார்கள். அங்கே போய் "மாவு இல்லாமல்" என்று சொன்னால் சர்வர் தலையாட்டுவார், வருவது அதேதான். தந்தூரியோ கிரில்லோ சொல்லுங்கள், கூட வெங்காயமும் எலுமிச்சையும். அதுவும் தேன் தடவாததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் மாத்திரை போட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு சப்பாத்தியும் சேர்த்துச் சொல்லுங்கள்.